நாற்பத்தைந்துக்கு முன்னால் எட்டு மாதம்

கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திருச்செங்கோடு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு பதினாறு வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்தேன். 2024 ஏப்ரலில் 482 என்ற தற்காலிக வேலை விசாவில் ஆஸ்திரேலியா வந்து, அந்த மாதம் 15-ஆம் தேதி நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் டப்போவில் ஒரு டீசல் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். மனைவியும் மகனும் கூட இருக்கிறார்கள். மகன் பதினோராம் வகுப்பு. வருகிற 2026 நவம்பர் 11 அன்று எனக்கு 45 வயது ஆகிறது. பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) பற்றிக் கேட்டால் முதலாளி, "கோதுமை அறுவடை முடியட்டும், ஜனவரியில் பார்க்கலாம்" என்கிறார். நாம் பெருநகரத்துக்கு வெளியே உள்ள ரீஜனல் ஊர் என்பதால், நிரந்தர விசாவான 186-க்குப் பதில் ரீஜனல் ஊர்களுக்கான 494 போட்டால் செலவு குறைவு என்று அவருடைய கணக்காளர் சொல்கிறாராம். என்னை ஸ்பான்சர் செய்வதற்காக முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய லெவிப் பணம் 3,000 டாலரை மாதம் 250 வீதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்கிறார். இதற்கிடையில் சிட்னியில் ஒரு கம்பெனி 92,000 டாலருக்கு ஒர்க்‌ஷாப் மேற்பார்வையாளராகக் கூப்பிடுகிறது. இங்கே எனக்கு 74,000. போன வருடம் அப்பா தவறியபோது ஏழு வாரம் ஊரில் இருந்தேன், அதில் மூன்று வாரம் சம்பளமில்லா விடுப்பு. சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது, நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்? டப்போவில் வீடு வாங்கலாமா என்றும் மனைவி கேட்கச் சொன்னார்.

பதில்:

தம்பி, வணக்கம். அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். அந்த ஏழு வாரத்தைக்கூடக் கணக்குப் போட்டுப் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகள் ஐந்தாறு இருந்தாலும், எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது ஒன்றுதான்: நவம்பர் 11. 186 விசாவுக்கு மனு போடும் நாளில் 45 முடிந்திருக்கக் கூடாது. 2017 ஜூலைக்கு முன்னால் இந்த வரம்பு 50 ஆக இருந்தது. அந்தக் காலத்தில் வந்தவர்கள் இன்னும் 50 என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள், அதை நம்பிவிடாதீர்கள். விதிவிலக்குகள் சில உண்டு. மிக உயர்ந்த சம்பளம் வாங்குகிறவர்கள், மருத்துவர்கள் போன்றோருக்கானவை அவை. உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே முதலாளி சொல்கிற "ஜனவரி" என்பது உங்களுக்கு இல்லாத மாதம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. நவம்பரிலும் டிசம்பரிலும் அந்தப் பக்கம் ஹார்வெஸ்டர் ஒன்று நின்றுபோனால் விவசாயி எப்படித் துடிப்பார் என்று அவருக்குத் தெரியும், அந்த நினைப்பில் பேசுகிறார். உங்கள் பிறந்த தேதி அவர் மனதில் இல்லை. அதை இந்த வாரமே அவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. வயதைப் பார்ப்பது மனு போடும் தேதியில்தான், விசா கிடைக்கும் தேதியில் இல்லை. நவம்பர் 10-க்குள் மனு உள்ளே போய்விட்டால், முடிவு எப்போது வந்தாலும் வயது ஒரு தடையில்லை. ஆனால் அதற்கு முன் முதலாளி தன் பங்குக்கு நாமினேஷன் (இந்த வேலைக்கு உங்களை முன்மொழியும் விண்ணப்பம்) போட்டிருக்க வேண்டும். அது நிராகரிக்கப்பட்டால் உங்கள் மனுவும் கூடவே விழும். 45 தாண்டியபின் மறுபடி போட வழியில்லை. உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு, அதனால் காகிதம் ஒன்றுகூடப் பிசகக் கூடாது.

சரி, எப்போது போடலாம்? உங்கள் நண்பர்கள் மூன்று வருடம் ஆக வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். அது பழைய கதை. 2023 நவம்பர் 25 முதல், 482-இல் இருந்து 186-க்கு மாறும் பாதையில் இரண்டு வருட வேலை போதும். நாமினேஷன் போடும் தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் அந்த இரண்டு வருடம் அடங்க வேண்டும். நீங்கள் சேர்ந்தது 2024 ஏப்ரல் 15, சித்திரை பிறந்த மறுநாள். கணக்குப்படி இந்த ஏப்ரல் 14-இல் முடிகிறது. ஆனால் சம்பளமில்லா விடுப்பு இதில் சேராது. சம்பளத்தோடு எடுத்த நான்கு வாரம் சேரும், மற்ற மூன்று வாரத்தைக் கழித்தால் மே 5 வரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னும் ஒரு வாரம் தள்ளி, மே நடுவில்தான் நாமினேஷனை உள்ளே அனுப்பச் சொல்வேன். நாள் கணக்கில் ஒன்றிரண்டு குறைந்து நிராகரிக்கப்பட்ட கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். பே ஸ்லிப் அத்தனையையும் தேதி வாரியாக அடுக்கி, விடுப்பு நாட்களைப் பென்சிலால் வட்டம் போட்டு, நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மூன்று வாரம் என்று நினைவில் இருப்பது காகிதத்தில் இருபத்திநான்கு நாளாக இருக்கக்கூடும்.

அடுத்தது சம்பளம். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கோப்பு உடையக்கூடிய இடம் இதுதான். இந்த விசாக்களுக்கான குறைந்தபட்ச வருடச் சம்பளம் 2013-இல் இருந்து பத்து வருடம் 53,900 டாலரிலேயே நின்றது. 2023 ஜூலையில் அதை ஒரேயடியாக 70,000 ஆக்கினார்கள். 2024 ஜூலையில் 73,150, 2025 ஜூலையில் 76,515 என்று ஏறியது. நீங்கள் வந்தபோது இருந்த தொகை உங்கள் 482-க்குச் சரி. ஆனால் புதிதாகப் போடும் நாமினேஷன் அன்றைய தொகையைத் தொட வேண்டும். உங்கள் 74,000 தொடவில்லை. முதலாளி உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பில் போடும் சூப்பர் பணத்தை இதில் சேர்க்க முடியாது. அறுவடைக் காலத்தில் விடிய விடிய வேலை பார்த்து வாங்கும் ஓவர்டைமையும், ஒப்பந்தத்தில் உறுதியாக எழுதப்பட்டிருந்தால் ஒழிய, சேர்க்க முடியாது. முதலாளி சம்பளத்தை 76,515-க்கு மேல் உயர்த்தி, ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதித் தர வேண்டும். உங்கள் பக்கத்தில் நின்று அதே வேலை செய்யும் உள்ளூர்க்காரருக்கு அதைவிட அதிகம் கொடுத்தால் அந்த அதிகத் தொகையே உங்களுக்கும் அளவுகோல். ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் இந்த வரம்பு கூடும் என்பதால், மே, ஜூனில் நாமினேஷன் போவது முதலாளிக்கும் லாபம். அவரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள், எடுபடும்.

அப்புறம் ஆங்கிலத் தேர்வு. 482-க்காக 2023-இல் எழுதியிருப்பீர்கள், ஐ.இ.எல்.டி.எஸ்.-இல் ஒவ்வொரு பகுதியிலும் 5 இருந்தால் அன்றைக்குப் போதும். 186-க்கு நான்கு பகுதியிலும் 6 வேண்டும், அதுவும் மனுவுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு ஒருவர் முகம் ஞாபகம் வருகிறது. வெல்டர், உங்களைப் போலவே தொழிலில் கெட்டிக்காரர். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தேர்வு முடிவைப் போனில் காட்டினார். கேட்டல் 7, பேசுதல் 6.5, படித்தல் 6, எழுதுதல் 5.5. அதற்கு முந்தைய இரண்டு முறையும் எழுதுதலில் அதே 5.5தான். அவருடைய 45-ஆவது பிறந்த நாளுக்கு அன்றைக்கு ஒன்பது நாள் இருந்தது. அடுத்த தேர்வு முடிவு அதற்குள் வரவில்லை. முதலாளி தயாராக இருந்தார், சம்பளம் சரியாக இருந்தது, வேலை நாட்கள் சரியாக இருந்தன. அந்த அரை மதிப்பெண்ணுக்காக எல்லாம் நின்றுபோனது. அதற்குப் பிறகு என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வியாக ஆங்கிலத்தைத்தான் கேட்கிறேன். முதலாளியின் பதிலுக்குக் காத்திருக்காமல் ஏப்ரலிலேயே தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். எழுதுதலுக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வேலை முடிந்து வந்த களைப்பில் பேனாவைப் பிடிப்பது கடினம் என்று தெரியும். காலையில் வேலைக்குப் போகுமுன் எழுதிப் பழகுங்கள், மகனைத் திருத்தச் சொல்லுங்கள்.

இப்போது 494. கணக்காளர் சொன்ன "செலவு குறைவு" என்பது உங்கள் விஷயத்தில் சரியில்லை. வருட வருமானம் ஒரு கோடி டாலருக்குக் குறைவான தொழிலுக்கு 186 என்றாலும் 494 என்றாலும் லெவி ஒரே 3,000 டாலர்தான். செலவில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் உங்கள் வாழ்க்கையில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. 494 என்பது 2019 நவம்பர் 16-இல் 491 என்ற, புள்ளிக் கணக்கில் தரும் ரீஜனல் விசாவுடன் சேர்ந்து வந்த ஐந்து வருடத் தற்காலிக விசா. அதில் குறைந்தது மூன்று வருடம் இருந்து, மூன்று நிதியாண்டுக்கான வரி மதிப்பீட்டு அறிவிப்பைக் காட்டினால்தான் 191 என்ற நிரந்தர விசாவுக்குப் போக முடியும். அதுவரை சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் பெருநகரங்களில் குடியிருக்கவோ வேலை பார்க்கவோ கூடாது. அந்த மூன்று வருடத்துக்குள் மனம் மாறி 186 போடலாம் என்றாலும் முடியாது. இரண்டு வருடத்தை ஏறக்குறைய முடித்துவிட்ட ஒருவர் மறுபடி பூஜ்யத்திலிருந்து மூன்று வருடம் எண்ணுவானேன்?

உங்கள் மகனையும் நினைத்துப் பார்க்கிறேன். 2027 கடைசியில் பள்ளி முடிப்பான். 494-இல் இருந்தால் பல்கலைக்கழகத்தில் அவன் வெளிநாட்டு மாணவன், கட்டணமும் அதற்கேற்றபடி. நீங்கள் 186-இல் பி.ஆர். ஆகிவிட்டால் அரசு மானியம் பெற்ற இடத்தில் சேரலாம். குடியுரிமை வரும்வரை கட்டணக் கடன் கிடைக்காது, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். இருந்தாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணத்துக்குப் பக்கத்தில் அது மிகச் சிறிய தொகை. மனுவில் இப்போதே மனைவியையும் மகனையும் சேர்த்துவிடுங்கள். பதினெட்டு தாண்டினால் உங்களைச் சார்ந்திருக்கிறான் என்று தனியே நிரூபிக்க வேண்டிவரும்.

494-ஐ நான் மட்டமாகச் சொல்லவில்லை. அதற்கு இரண்டு நல்ல குணங்கள் உண்டு. 191 போடும்போது முதலாளியின் நாமினேஷன் தேவையில்லை, வயது வரம்பும் இல்லை. மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடும் கிடைக்கும். ஆகவே முதலாளி எக்காரணம் கொண்டும் 186-க்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், நவம்பருக்கு முன் 494 உங்களுக்குப் பிழைக்கும் வழி. அதுவும் 45-க்குள் போட வேண்டியதுதான். ஆனால் அதற்குத் தொழில் திறன் மதிப்பீடு வேண்டும், உங்கள் தொழிலுக்கு டி.ஆர்.ஏ. என்ற அரசு அமைப்பு அதைச் செய்கிறது. திருச்செங்கோட்டு அனுபவத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். ரிக் வண்டியோடு ராஜஸ்தானுக்கும் ஆந்திராவுக்கும் மாதக்கணக்கில் போய், கம்ப்ரஸரைக் காட்டிலேயே பிரித்து மாட்டிய ஆளுக்கு அந்த அனுபவத்தை நிரூபிக்கச் சொல்வது வேதனைதான். அங்கே சம்பளம் பெரும்பாலும் கையில் வாங்கியிருப்பீர்கள். அப்படியானால் பி.எஃப். பதிவு, வங்கியில் போட்ட பணம், வருமான வரிக் கணக்கு, ரிக் உரிமையாளர் தேதிகளோடு என்னென்ன வேலை செய்தீர்கள் என்று விவரமாக எழுதிய கடிதம், எது கிடைக்கிறதோ அத்தனையையும் ஊரில் யாரையாவது அனுப்பி இப்போதே திரட்டச் சொல்லுங்கள். 186-லேயே நேரடிப் பாதை என்று ஒன்று உண்டு, அதற்கும் இதே மதிப்பீடு உதவும். ஆக இந்த உழைப்பு வீண்போகாது. 491-ஐப் பொறுத்தவரை, 40-க்கு மேல் வயதுக்கு 15 புள்ளிதான். தட்டுத்தடுமாறி 65-ஐத் தொட்டாலும் மாநில அரசு அழைக்க வேண்டும். எட்டு மாதத்தில் அதை நம்பி உட்கார முடியாது.

லெவி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டும். அந்த 3,000 டாலர் முழுக்க முழுக்க முதலாளியின் கடமை. அதைத் தொழிலாளியிடம் வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை, மாதம் 250 என்று பிரித்தாலும் அதேதான். அதற்கும் மேலே, ஸ்பான்சர் செய்வதற்குக் கைம்மாறாகப் பணம் கேட்பதும் வாங்குவதும் மட்டுமல்ல, கொடுப்பதும் 2015 டிசம்பர் 14 முதல் சட்டவிரோதம். கொடுத்தவருடைய விசாவையே ரத்து செய்யலாம். நீங்கள் நல்லெண்ணத்தில் "பரவாயில்லை, பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், பே ஸ்லிப்பில் அந்த வரி விழும், அதே பே ஸ்லிப்பை நாமும் மனுவோடு அனுப்ப வேண்டிவரும். உங்கள் விசா மனுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, ஆங்கிலத் தேர்வு ஆகியவற்றை நீங்கள் கட்டலாம், அதில் தவறில்லை.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது என்று தயங்குவீர்கள். நம் ஊர் வழக்கப்படி அவர் சோறு போடுகிறவர், எதிர்த்துப் பேசினால் நன்றிகெட்டதனம் என்று தோன்றும். இது எதிர்த்துப் பேசுவதே இல்லை. ஒரு சின்ன மின்னஞ்சல் போதும்: "நவம்பர் 11 எனக்கு 45 முடிகிறது, அதற்குப் பிறகு விண்ணப்பிக்க முடியாது. மே மாதம் இரண்டு வருடம் முடிகிறது. மே நடுவில் நாமினேஷன் போட முடியுமா? சம்பளம் 76,515-ஐத் தாண்ட வேண்டும் என்றும், லெவியை நிறுவனமே செலுத்த வேண்டும் என்றும் ஆலோசகர் சொன்னார்." அனுப்பிவிட்டு நேரில் போய்ப் பேசுங்கள். டப்போ மாதிரி ஊரில் ஹார்வெஸ்டரைப் பிரிக்கத் தெரிந்த டீசல் மெக்கானிக் போய்விட்டால் இன்னொருவரைத் தேடுவது எளிதல்ல. அவருக்கும் நீங்கள் தேவை.

கோபத்தில் அவர் வேலையை விட்டு நிறுத்திவிட்டால் என்ற பயம் உள்ளே இருக்கும். முன்பு 60 நாளில் புது ஸ்பான்சர் கிடைக்கவில்லை என்றால் மூட்டை கட்ட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் ஒரு தடவைக்கு 180 நாள், விசாக் காலம் முழுவதற்கும் 365 நாள் தந்திருக்கிறார்கள். அந்த நாட்களில் வேறு இடத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்கவும் செய்யலாம். விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது அதே நாளிலிருந்து குற்றமும் ஆகிவிட்டது. தொழிலாளர் உரிமைகளைப் பார்க்கும் ஃபேர் ஒர்க் அலுவலகத்திடம் பேச வேண்டி வந்தால் 131 450-ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். உங்களுக்கு அது தேவைப்படாது என்றே நம்புகிறேன்.

சிட்னி வேலை? 18,000 டாலர் அதிகம், ஆசை வருவது இயல்பு. புது விதிகளின்படி ஸ்பான்சர் மாறினாலும் பழைய ஸ்பான்சரிடம் பார்த்த காலம் கணக்கில் நிற்கும், அது 2024 டிசம்பர் மாற்றங்களில் வந்த பெரிய நன்மை. ஆனால் வேலையின் பெயரைப் பாருங்கள். உங்கள் விசா டீசல் மெக்கானிக் என்ற தொழிலில் இருக்கிறது. 186-க்கும் அதே தொழில் பிரிவில் நாமினேஷன் வர வேண்டும். மோட்டார் மெக்கானிக் என்று போட்டால்கூடப் பிரிவு ஒன்றே, பிரச்சினை இல்லை. மேற்பார்வையாளர், மேலாளர் என்று மாறினால் இரண்டு வருடக் கணக்கே அறுந்துபோகலாம். மேலும் அந்தக் கம்பெனி முதலில் உங்களை 482-இல் எடுத்து, பிறகு சில மாதத்துக்குள்ளேயே 186 போடச் சம்மதிக்க வேண்டும். புது ஆளை நவம்பருக்குள் நிரந்தரமாக்க எத்தனை பேர் எழுத்தில் ஒப்புக்கொள்வார்கள்? எழுத்தில் தந்தால், மெக்கானிக் என்றே தந்தால், யோசிக்கலாம். இல்லையென்றால் இந்த வருடம் டப்போவை விட்டு நகராதீர்கள். பி.ஆர். வந்த மறுவாரமே கிளம்பிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். அந்த வேலை குறைந்தது இரண்டு வருடத்துக்கு இருக்கிறது என்று முதலாளி எழுதிக் கொடுக்கிறார், நீங்களும் அந்த எண்ணத்தோடுதான் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

உங்களைப் பார்த்து ஊரிலிருந்து கிளம்ப நினைக்கும் பையன்களுக்கு ஒரு வார்த்தை. 2024 கடைசியிலிருந்து 482-க்கு ஐந்து வருடத்துக்குள் ஒரு வருட முழுநேர அனுபவம் போதும், முன்பு இரண்டு வருடம் கேட்டார்கள். ஆனால் தொழில் பட்டியலில் தங்கள் தொழில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பாஸ்போர்ட்டைக் கையில் எடுக்கட்டும். ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கொடுக்குமுன் அவருக்கு ஆஸ்திரேலியப் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்கட்டும்.

உங்கள் கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்து இவ்வளவும் சொல்கிறேன். நாமினேஷனுக்கு முன், ஒப்பந்தமும் பே ஸ்லிப்களும் 482 அனுமதிக் கடிதமும் கையில் எடுத்துக்கொண்டு பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரையோ வழக்கறிஞரையோ ஒருமுறை பாருங்கள். நான்தான் வேண்டும் என்றில்லை, டப்போவுக்குப் பக்கத்தில் யாராவது இருந்தால் இன்னும் நல்லது.

வீடு விஷயத்தில் உங்கள் மனைவியிடம் இப்படிச் சொல்லுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஏற்கெனவே கட்டி முடித்த பழைய வீட்டை வாங்கத் தடை இருக்கிறது. புது வீடு என்றால் தனி அனுமதி வாங்கி, கூடுதல் கட்டணமும் கட்ட வேண்டும். பி.ஆர். வந்துவிட்டால் இந்தத் தடை உங்களுக்கு இல்லை. அதுவரை முன்பணத்தைச் சேர்த்துவையுங்கள், வீடுகளைப் போய்ப் பார்த்தும் வையுங்கள், எந்தத் தெரு பிடிக்கிறது என்று அவர் இப்போதே முடிவு செய்துகொள்ளட்டும்.